சரிங்க மிஸ்

முதல் நாள்: எங்கே உட்காருவது

பி.எட். முடித்த கையோடு எனக்கு வேலை கிடைத்துவிட்டது. அதுவும் நான் படித்த பள்ளியிலேயே. கிணத்துக்கடவுப் பக்கம், ஒரு டிரஸ்ட் நடத்துகிற பள்ளிக்கூடம். "படிச்ச பள்ளிக்கூடத்துலயே டீச்சர்னா குடுத்து வெச்சிருக்கோணும்" என்று சொந்தக்காரர்கள் எல்லாரும் சொன்னார்கள். அப்படிச் சொன்னவர்களில் யாரும் தாங்கள் படித்த பள்ளியில் வேலை பார்த்ததில்லை.

ஜூன் மாதம் முதல் நாள், ஸ்டாஃப் ரூம் வாசலில் நின்று "மே ஐ கம் இன் மிஸ்?" என்று கேட்டேன். உள்ளே இருந்தவர்களில் பாதிப் பேர் எனக்குப் பாடம் எடுத்தவர்கள். "கமின்" என்று பதில் வந்தது. போனேன். ஒரே ஒரு நாற்காலி காலியாக இருந்தது. அது ஸ்டெல்லா மிஸ்ஸுக்கு நேர் எதிரே.

ஸ்டெல்லா மிஸ் எனக்கு ஒன்பதாவதிலும் பத்தாவதிலும் கணக்கு எடுத்தவர். நான் கணக்கு டீச்சர் ஆனதே அவரைப் பார்த்துத்தான். போர்டில் வெறும் கையால் வட்டம் போடுவார், காம்பஸ் வைத்துப் பார்த்தால் சரியாக இருக்கும். அடிக்க மாட்டார், கத்த மாட்டார். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிவிட்டு நம்மைப் பார்ப்பார். அதற்கு நாலு அடி வாங்கிக்கொள்ளலாம்.

அவர் நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தார். உட்காரச் சொல்லவில்லை. நான் நின்றுகொண்டிருந்தேன். முதல் பெல் அடித்த பிறகுதான் நிமிர்ந்தார்.

"ஏம்புள்ள கலை, எதுக்கு நிக்கற?"

"நீங்க உக்காரச் சொல்லலீங்க மிஸ்."

"நீயும் இப்ப டீச்சருதான். உக்காரு."

"சரிங்க மிஸ்" என்று உட்கார்ந்தேன். உடனே இரண்டாவது பெல் அடித்தது. எழுந்து கிளாஸுக்குப் போனேன்.

சிவப்பு மையும் தேங்காய் பன்னும்

புதிதாக வந்தவர்கள் நோட்ஸ் ஆஃப் லெசன், அதாவது பாடக்குறிப்பு எழுதி, சீனியரிடம் காட்டிக் கையெழுத்து வாங்க வேண்டும். என் சீனியர் ஸ்டெல்லா மிஸ். சிவப்பு மையில் திருத்தித் தருவார். முதல் வாரம் ஓரத்தில் "கையெழுத்து முன்பு நன்றாக இருந்தது" என்று எழுதியிருந்தார். மறு வாரம் முழுவதும் திருத்தமாக எழுதினேன். "பரவாயில்லை" என்று வந்தது. அதை வீட்டில் அம்மாவிடம் காட்டினேன். அப்போது எனக்குக் கல்யாணத்துக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இடைவேளையில், "கலை, ஓடிப்போயி பேக்கரில ஒரு தேங்காய் பன் வாங்கிட்டு வந்துரு" என்பார். நான் பத்தாவது படிக்கும்போதும் என்னைத்தான் அனுப்புவார். வகுப்பில் அத்தனை பேர் இருக்க என்னைக் கூப்பிடுகிறாரே என்று பெருமையாக இருக்கும். டீச்சரான பிறகும் பெருமையாகத்தான் இருந்தது. சிக்கலே அதுதான்.

பிள்ளைகள் இதையெல்லாம் பார்க்காமல் இருப்பார்களா? ஒரு நாள் நான் முக்கோணம் போட்டுக்கொண்டிருந்தபோது ஸ்டெல்லா மிஸ் வராண்டாவில் போனவர் நின்று, ஜன்னல் வழியாக போர்டைப் பார்த்து, "அந்தக் கோட்டை ஸ்கேல் வெச்சுப் போடு புள்ள" என்றார். "சரிங்க மிஸ்" என்று அழித்துவிட்டு ஸ்கேல் வைத்துப் போட்டேன். அன்றிலிருந்து நான் எந்த விடையைச் சொன்னாலும் கடைசி பெஞ்சிலிருந்து, "ஸ்டெல்லா மிஸ்கிட்ட ஒருக்கா கேட்டுக்கலாமுங்களா மிஸ்?" என்று ஒரு குரல் வரும். மரியாதையாகத்தான் கேட்பார்கள். எங்கள் பக்கத்தில் கழுத்தை அறுத்தாலும் 'ங்க' போட்டுத்தான் அறுப்பார்கள்.

நூறு சதவீதம்

பத்து 'பி'க்குக் கணக்கு எடுத்த மிஸ் பிரசவத்துக்கு லீவில் போனார். கணக்கோடு கிளாஸ் டீச்சர் பொறுப்பும் சேர்ந்து என் தலையில் விழுந்தது. வேலைக்குச் சேர்ந்து ஒரு காலாண்டுத் தேர்வுகூட முடியவில்லை.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். எங்கள் பள்ளி வாசலில் ஒரு ஆர்ச் உண்டு. ஒவ்வொரு வருடமும் ரிசல்ட் வந்ததும் அதில் ஃப்ளெக்ஸ் கட்டுவார்கள். பத்தாம் வகுப்பில் நூறு சதவீதத் தேர்ச்சி. நான் படிக்கும்போதும் கட்டினார்கள். எல்லாரும் நன்றாகப் படிக்கிறோம், அதனால் நூறு வருகிறது என்றுதான் நினைத்திருந்தேன். என்னோடு ஒன்பதாவது படித்த சிலர் பத்தாவதில் இல்லை. ஊர் மாறிப் போய்விட்டார்கள் என்று சொன்னார்கள். பிறகு சந்தைக்குப் போகும்போது அவர்களைப் பார்ப்பேன். அதே ஊரில்தான் இருந்தார்கள்.

டீச்சரான பிறகுதான் அந்த வழிமுறை புரிந்தது. பள்ளி யாரையும் வெளியே அனுப்புவதில்லை. பப்ளிக் எக்ஸாமில் தேற மாட்டான் என்று தோன்றுகிற பிள்ளையின் அப்பாவையோ அம்மாவையோ வரச்சொல்வார்கள். கிளாஸ் டீச்சர் அவர்களை உட்கார வைத்து ஒரு வெள்ளைத்தாளைக் கொடுப்பார். "குடும்பச் சூழ்நிலை காரணமாக என் மகளுக்கு மாற்றுச் சான்றிதழ் தருமாறு வேண்டுகிறேன்" என்று டீச்சர் சொல்லச் சொல்ல அவர்கள் எழுதுவார்கள். கேட்டதும் பள்ளி கருணையோடு டி.சி. கொடுத்துவிடும். பப்ளிக் எக்ஸாம் எழுதுகிறவர்களின் பெயர்ப் பட்டியல் அரசாங்கத்துக்குப் போகும் முன்னால் இது முடிய வேண்டும்.

காலாண்டு மார்க் வந்த மறுநாள் எச்.எம். ரூமுக்குக் கூப்பிட்டார்கள். எச்.எம். சாரும் ஸ்டெல்லா மிஸ்ஸும் இருந்தார்கள். பத்தாம் வகுப்பு ரிசல்ட்டுக்கு மிஸ்தான் இன்சார்ஜ்.

"பத்து 'பி'ல நந்தினி" என்றார் ஸ்டெல்லா மிஸ். "கணக்குல ஒத்தை இலக்கம். தேறாது. நாளைக்கு அவ அப்பனை வரச்சொல்லி லெட்டர் வாங்கிடு."

"சரிங்க மிஸ்."

யோசித்துச் சொன்னதில்லை. அவர் பேசி முடித்தால் என் வாயிலிருந்து அதுதான் வரும். வெளியே வந்து பாதி வராண்டா தாண்டிய பிறகுதான், எதற்குச் சரி சொன்னேன் என்பது உறைத்தது.

நந்தினி சோம்பேறி இல்லை. வீட்டுப்பாடம் செய்துகொண்டு வருவாள். போர்டுக்குக் கூப்பிட்டால் போட்டும் காட்டுவாள். பரீட்சைத்தாளைக் கொடுத்தால் பேரை எழுதிவிட்டு உட்கார்ந்திருப்பாள். ஏன் என்று கேட்டதற்கு, "ஊட்டுல வருதுங்க மிஸ், பரிட்சைல வரமாட்டீங்குதுங்க" என்றாள். மின்சாரத்தைப் பற்றிச் சொல்கிற மாதிரி சொன்னாள்.

மயில்சாமி வந்தார்

நந்தினியின் அப்பா மயில்சாமி தேங்காய்க் களத்தில் வேலை செய்கிறவர். கொப்பரை காயப்போடுவது, அள்ளுவது. மதியம் லைப்ரரிக்கு வரச்சொல்லியிருந்தேன், வந்தார். தலையில் தேங்காய் நார் ஒட்டியிருந்தது. செருப்பை லைப்ரரி வாசலில் கழற்றிவிட்டு வந்து, நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தார். எனக்கு வயது அவர் மகளைவிடக் கொஞ்சம்தான் கூட. என்னைப் பார்த்துக் கும்பிட்டார்.

"ஏனுங்க, நந்தினிக்கு மார்க்கு ரொம்பக் கொறவா இருக்குதுங்க" என்று ஆரம்பித்தேன்.

"சரிங்க டீச்சர்."

"இங்க அவளுக்குக் கஷ்டமா இருக்கும்."

"சரிங்க டீச்சர்."

"வேற ஸ்கூல்ல போட்டீங்கன்னா அவளுக்குக் கொஞ்சம் ஈசியா இருக்கும்."

கொஞ்சம் யோசித்தார். "அங்க வேற புஸ்தகமுங்களா டீச்சர்?"

"இல்லீங்க. அதே புஸ்தகந்தான்."

"சரிங்க டீச்சர்."

வெள்ளைத்தாளைத் தள்ளினேன். பேனா கொடுத்தேன். அனுப்புநர், பெறுநர் எல்லாம் நிறுத்தி நிதானமாக எழுதினார். எழுத்து நன்றாக இருந்தது. "குடும்பச் சூழ்நிலை காரணமாக" என்று நான் சொன்னதும் பேனா நின்றது.

"டீச்சர், எங்க ஊட்டுல சூழ்நிலை ஒண்ணும் இல்லீங்களே" என்றார். "அவ அம்மாளும் நல்லாத்தான் இருக்குதுங்க. எனக்கும் வேலை இருக்குதுங்க. சண்டை சச்சரவு ஒண்ணும் கெடையாதுங்க."

நான் பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தேன். அதைப் பார்த்து அவருக்குத்தான் சங்கடமாகிவிட்டது.

"பரவால்லீங்க. நீங்க சொன்னா எழுதிப்போடறனுங்க" என்று பேனாவைத் தாளில் வைத்தார்.

அந்த மனிதர் இல்லாத ஒரு கஷ்டத்தைத் தன் வீட்டின்மேல் எழுதப்போகிறார், நான் சொன்னேன் என்பதற்காக. நான் சொல்வது ஸ்டெல்லா மிஸ் சொன்னதற்காக. தாளை இழுத்துக்கொண்டேன்.

"எழுதாதீங்க."

"சரிங்க டீச்சர்."

அதற்கும் அதே பதில்தான். கிணற்றில் குதி என்றாலும் அப்படித்தான் சொல்லியிருப்பார். அப்போதுதான் எனக்கு எரிச்சலாக வந்தது, அவர்மேல் பாதி, என்மேல் பாதி.

"ஏனுங்க, எல்லாத்துக்கும் சரிங்க சரிங்கன்னா எப்படீங்க? உங்க புள்ளைய வெளிய அனுப்பச் சொல்றாங்க. நாளைக்கு வேற யாராச்சும் கூப்பிட்டு எழுதச் சொன்னா, முடியாதுங்கன்னு சொல்லுங்க."

மயில்சாமி மிரண்டுபோனார். "பெரியவங்ககிட்ட எப்படீங்க டீச்சர் முடியாதுன்னு சொல்றது?"

"எனக்கும் தெரியலீங்க" என்றேன். அது உண்மை.

அவர் போன பிறகு தாளைக் கிழித்துப் போட்டேன். சாயந்திரம் நந்தினி வந்து, "மிஸ், நா போகோணுமா இருக்கோணுமாங்க? அந்த ஸ்கூலுக்குப் புது யூனிபார்ம் தெக்கறதா வேண்டாமான்னு அம்மா கேட்டாங்க" என்றாள்.

"இப்போதைக்குத் தைக்க வேண்டாம்" என்றேன்.

இரண்டாவது தடவை

மறுநாள் காலை எச்.எம். ரூம்.

"லெட்டர் வந்துருச்சுங்களா?" என்றார் எச்.எம். சார். அவர் வாட்ச்மேனிடம்கூட 'ங்க' போட்டுத்தான் பேசுவார்.

"வாங்கலீங்க சார்."

"அவ அப்பன் வரலியா?" என்று ஸ்டெல்லா மிஸ் கேட்டார்.

"வந்தாருங்க மிஸ். நாந்தான் எழுத வேண்டாம்னு சொல்லிப்போட்டேன்."

கண்ணாடி மூக்கு நுனிக்கு இறங்கியது. "எதுக்கு?"

"காரணம் தப்புங்க மிஸ். காரணம் தப்பா இருந்தா அந்த ஸ்டெப்புக்கே மார்க் இல்லைன்னு நீங்கதான் எங்களுக்குச் சொல்லுவீங்க. குடும்பச் சூழ்நிலைன்னு எழுதச் சொன்னேன். அவங்க வீட்டுல ஒரு சூழ்நிலையும் இல்லீங்க மிஸ்."

"இது தேற்றம் இல்ல கலை. நாளைக்கு மறுபடி கூப்பிட்டு வாங்கிடு."

வாய் 'சரி'க்குத் தயாராகிவிட்டது. அதை அடக்கத்தான் கஷ்டப்பட்டேன்.

"முடியாதுங்க மிஸ்."

மெதுவாகத்தான் சொன்னேன். எச்.எம். சாருக்குக் கேட்கவில்லை. "என்னங்க சொன்னீங்க?" என்றார். இன்னொரு தடவை சொல்ல வேண்டியதாகப் போயிற்று. முதல் தடவையைவிட அதுதான் கஷ்டம். முதல் தடவை வாய் தவறி வந்துவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம்.

"ரிசல்ட் போச்சுன்னா நீங்கதான் பொறுப்புங்க" என்றார் எச்.எம். சார்.

"சரிங்க சார்" என்றேன். அது பழைய 'சரிங்க' இல்லை. ஆனால் கேட்கிறவர்களுக்கு வித்தியாசம் தெரிந்திருக்காது.

ஸ்டெல்லா மிஸ் எழுந்து போனார். அவர் கெட்டவர் என்று யாரும் நினைக்கக் கூடாது. விடியற்காலையில் ஸ்பெஷல் கிளாஸ், பள்ளி விட்ட பிறகு ஸ்பெஷல் கிளாஸ் என்று அந்த நூறு சதவீதத்துக்காகத் தன் ஆயுசில் பாதியைக் கொடுத்தவர். அதில் ஒரு எண் குறைந்தால் அவருக்கு அது வீட்டில் துக்கம் நடந்த மாதிரி. அதை நான் கெடுக்கப் பார்க்கிறேன் என்றுதான் அவர் எடுத்துக்கொண்டார்.

அன்றிலிருந்து அவர் என்னோடு பேசவில்லை. எதிரெதிர் நாற்காலியில்தான் உட்கார்ந்திருப்போம். டஸ்டர் வேண்டுமென்றால் வராண்டாவில் போகிற பிள்ளையைக் கூப்பிட்டு, "உங்க மிஸ்கிட்ட அந்த டஸ்டரை வாங்கிக் குடு கண்ணு" என்பார். பிள்ளை மேசையைச் சுற்றி வந்து என்னிடம் வாங்கி, மறுபடி சுற்றிப் போய் அவரிடம் கொடுக்கும். நோட்ஸ் ஆஃப் லெசனில் கையெழுத்து மட்டும் வந்தது, சிவப்பு மை வரவில்லை. இடைவேளையில் பன் வாங்க ஆறாவது படிக்கிற ஒரு பிள்ளையை அனுப்ப ஆரம்பித்தார். அதற்கு நான் வீட்டுக்குப் போய் அழுதேன். பன் வாங்க அனுப்பவில்லை என்று அழுத பட்டதாரி ஆசிரியை தமிழ்நாட்டிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

மினிமம் மெட்டீரியல்

நந்தினியைக் காலையில் சீக்கிரம் வரச்சொன்னேன். எங்கள் தொழிலில் மெதுவாகப் படிக்கிற பிள்ளைகளுக்கு மினிமம் மெட்டீரியல் என்று ஒன்று கொடுப்போம். புத்தகம் முழுவதையும் விட்டுவிட்டு, நிச்சயம் வருகிற கேள்விகளை மட்டும் திரும்பத் திரும்பப் போட வைப்பது. செய்முறை வடிவியல் ஒன்று, வரைபடம் ஒன்று. இரண்டையும் ஒழுங்காகப் போட்டால் பாஸ் மார்க்கில் ஏறக்குறைய பாதி கைக்கு வந்துவிடும்.

நந்தினி கோடு சுத்தமாகப் போட்டாள். கிராஃப் ஷீட்டில் புள்ளி வைத்தால் அச்சு அடித்த மாதிரி இருக்கும். என்னிடம் உட்கார்ந்து போட்டால் எல்லாம் வரும். டெஸ்ட் என்று தலைப்புப் போட்டால் கை நின்றுவிடும். பிறகு தலைப்புப் போடாமலே டெஸ்ட் வைத்தேன். கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. ரிவிஷனில் ஒரு தடவை பாஸ் மார்க்கைத் தொட்டாள். அதை ஸ்டாஃப் ரூமில் சத்தமாக, பக்கத்து நாற்காலி சயின்ஸ் சாரிடம் சொன்னேன். எதிர் நாற்காலி நிமிரவில்லை.

பப்ளிக் எக்ஸாம் முடிந்து மே மாதம் ரிசல்ட் வந்தது. மற்ற எல்லாப் பாடத்திலும் நந்தினி பாஸ். கணக்கில் மட்டும் பெயில். இன்னொரு பாடத்திலும் போயிருந்தால் பொறுப்பைப் பங்குபோட ஒரு ஆளாவது கிடைத்திருக்கும்.

பிரஸ்ஸில் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்த ஃப்ளெக்ஸை நிறுத்தினார்கள். ஆர்ச் அந்த வருடம் வெறும் ஆர்ச்சாக நின்றது. நந்தினிக்குப் போன் செய்தேன். அவள் அழவில்லை. "மிஸ், உங்களைத் திட்டிப்போட்டாங்களா?" என்றாள். நான்தான் அழுதேன்.

மே மாதம்

இரண்டு நாள் கழித்து மயில்சாமியைக் கூப்பிட்டார்கள். இந்தத் தடவை என்னை நம்பவில்லை, எச்.எம். சாரே பேசினார். ஸ்டெல்லா மிஸ் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் உட்கார்ந்திருந்தோம். வெள்ளைத்தாள் மேசைமேல் தயாராக இருந்தது.

"தப்பா நெனச்சுக்காதீங்க மயில்சாமி" என்றார் எச்.எம். சார். "புள்ள பெயிலாயிருச்சு. டி.சி. வாங்கிக்குங்க. துணைத்தேர்வை வெளிய இருந்து எழுதட்டும். இங்க சேத்துனா நாளைக்கு ப்ளஸ் டூ ரிசல்ட்டும் போயிருமுங்க. அப்பறம் ப்ளஸ் ஒன்னு எங்க எடம் கெடைக்குதோ அங்க சேத்திக்கலாம். உங்களுக்கும் நல்லது, எங்களுக்கும் நல்லது."

மயில்சாமி என்னைப் பார்த்தார். நான் தலையைக்கூட அசைக்கவில்லை. தைரியத்தில் இல்லை. நான் ஏதாவது ஜாடை காட்டினால் அதற்கும் அவர் 'சரிங்க' என்றுவிடுவார் என்று பயம். அவர் தாளைப் பார்த்தார், பேனாவைப் பார்த்தார்.

"இல்லீங்க சார்" என்றார்.

"என்னங்க?"

"டி.சி. வாங்க முடியாதுங்க சார். புள்ள இங்கிருந்தே எழுதுவாளுங்க. எழுதிப் பாஸ் பண்ணிப்போட்டு இங்கயேதானுங்க ப்ளஸ் ஒன்னுக்கு வருவா. கோவிச்சுக்காதீங்க சார். முடியாதுங்க."

சொல்லிவிட்டு எழுந்து கும்பிட்டார். மறுபடி உட்கார்ந்துகொண்டார். போகவில்லை.

எச்.எம். சார் அந்த நாற்காலியில் உட்கார்ந்த நாளிலிருந்து இப்படி ஒன்றைக் கேட்டிருக்க மாட்டார். கோபப்படுவதா வேண்டாமா என்று அவருக்கே தெரியவில்லை. "இதெல்லாம் யாருங்க உங்களுக்குச் சொல்லிக் குடுத்தது?" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் ஸ்டெல்லா மிஸ் சொன்னார்:

"வேற யாரு சார் சொல்லிக் குடுப்பாங்க? நந்தினியோட டீச்சர்தான்."

அதைக் கோபத்தில் சொன்னாரா, வேறு எதிலாவது சொன்னாரா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. என் பக்கம் அவர் திரும்பவில்லை. வெள்ளைத்தாளை மட்டும் எடுத்து டிராயருக்குள் போட்டு மூடினார்.

நந்தினி துணைத்தேர்வில் பாஸ் செய்தாள். எங்கள் பள்ளியிலேயே ப்ளஸ் ஒன் சேர்ந்தாள். ஒரு வருடம் முழுக்க நான் கணக்குச் சொல்லிக் கொடுத்த நந்தினிக்கு இரண்டு அட்டெம்ப்ட் ஆயிற்று. ஒரே ஒரு மதியம் சொல்லிக் கொடுத்த அவள் அப்பா முதல் அட்டெம்ப்டிலேயே பாஸ்.

இப்போது நான் சீனியர். பி.எட். முடித்துப் புதிதாக வருகிற பிள்ளைகள் என் எதிரே நிற்கிறார்கள். உட்காரச் சொல்ல நானும் சில சமயம் மறந்துவிடுகிறேன். "பெரியவங்கன்னா பயமா இருக்குதுங்க மிஸ், இது எப்பப் போகுமுங்க?" என்று கேட்பார்கள். போகாது. எனக்குப் போகவில்லை. பயம் போன பிறகு பேசிக்கொள்ளலாம் என்று இருந்தால் பிள்ளைதான் டி.சி. வாங்கிக்கொண்டு போகும். பயந்துகொண்டே சொல்லுங்கள், 'ங்க' போட்டே சொல்லுங்கள். அன்றைக்கு மயில்சாமி கும்பிட்டபோது நான் பக்கத்தில்தான் இருந்தேன். அவருக்கு இரண்டு கையும் நடுங்கிக்கொண்டிருந்தது.